யார் எழுந்திருக்க நாளாகும்? ஊராட்சித் திட்டத்துக்கு எந்த மதிப்பீடு உதவும்

2022 புரட்டாசி மாதம். வேதாரண்யம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் வளர்ச்சித் திட்ட வரைவு தயாராகிக்கொண்டிருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை வைக்க வேண்டும். காலநிலை மாற்றத்தால் ஊருக்கு வரக்கூடிய ஆபத்தையும் இந்த முறை கணக்கில் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். டெல்டா ஊராட்சிகளுக்குத் திட்டம் எழுத உதவிய ஒரு குழுவில் நான் அப்போது இருந்தேன். ஊராட்சித் தலைவர் அம்மா என்னிடம் கேட்டார்: “இன்னொரு கஜா புயல் வந்தா இந்த ஊர்ல யாரு முதல்ல விழுவாங்க, யாரு கடைசியா எழுந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும் சார். அதை எதை வச்சு எழுதினா மேல ஒத்துக்குவாங்க?”

அன்றைக்கு அவருக்கு நேரான பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு பல ஊராட்சிகளில் நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன். ஏற்கெனவே இருக்கும் புள்ளிவிவரங்களைக் கூட்டி ஒரு குறியீட்டு எண் போடுவது ஒரு வழி. செயற்கைக்கோள் படத்தையும் உயர அளவுகளையும் வைத்து ஆபத்து வரைபடம் தயாரிப்பது இன்னொன்று. வீடு வீடாகப் போய் படிவம் நிரப்புவது மூன்றாவது. தெருத்தெருவாக மக்களோடு உட்கார்ந்து அவர்களையே வரையவும் வரிசைப்படுத்தவும் சொல்வது நான்காவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஓர் ஊராட்சிக்கு நான்காவது வழிதான் முதுகெலும்பு, மற்றவை அதைச் சரிபார்க்க வேண்டியவை. ஆனால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டால் பதில் வேறு. ஏன் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி

அரசுக் கோப்புகளில் ‘பாதிப்புக்குள்ளாகும் தன்மை’ என்று எழுதுகிறார்கள். தெருவில் போய் ‘பாதிப்பு’ என்று ஆரம்பித்தால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நிவாரணம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியதிலிருந்து, நோட்டுப் புத்தகத்தோடு யார் வந்தாலும் நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர் என்றுதான் பார்ப்பார்கள். அதில் தவறே இல்லை. பட்டியலில் பெயர் விட்டுப்போன வீடுகள் பட்ட பாடு அப்படி. அதனால் நான் ‘நலிவு’ என்ற சொல்லையே வைத்துக்கொள்கிறேன். தெருவில் கேட்கும்போது அதுவும் வேண்டாம். “ஒரு புயலோ வெள்ளமோ வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப எந்த வீட்டுக்கு எத்தனை மாதம் ஆகும்?” என்று கேட்டால் போதும்.

அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கும் என்பதிலேயே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு 2007 அறிக்கையில், ஆபத்துக்கு முகம் கொடுப்பது, எளிதில் அடிபடுவது, சமாளிக்கும் திறன் ஆகிய மூன்றையும் சேர்த்து நலிவு என்றது. 2014 அறிக்கையில் பிரித்துவிட்டது. புயலும் வெள்ளமும் தனி. அதன் பாதையில் யார், எது இருக்கிறது என்பது தனி. அடிபடுவதும் சமாளிப்பதும் மட்டும்தான் நலிவு. மூன்றும் சேர்ந்தால் இடர். ஏட்டுச் சண்டை மாதிரி தெரியும். ஆனால் ஊராட்சிக்கு இது மிக முக்கியம். காற்றின் வேகத்தை எந்த ஊராட்சியாலும் மாற்ற முடியாது. கூரையை, வடிகாலை, கடனை, குடிநீருக்கு மாற்று வழியை மாற்றலாம். பழைய முறையில் எண் போட்டால் ‘கடலோரம் இருக்கிறது, அதனால் நலிவு’ என்று வந்து நின்றுவிடும். அப்புறம் அதை வைத்து என்ன வேலை செய்வது?

இருக்கும் எண்களைக் கூட்டுவது

இதுதான் மலிவான வழி. கணினி தெரிந்த ஒருவர் இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம். மக்கள்தொகைக் கணக்கு, தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, வேளாண் துறைப் பதிவேடு, நூறு நாள் வேலைக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் 0க்கும் 1க்கும் இடையில் கொண்டுவந்து, சராசரி போடுவார்கள். ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் மண்டி, குவஹாத்தி ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து இப்படி நாடு முழுவதற்கும் செய்து 2021இல் வெளியிட்டன. ஜார்க்கண்ட், மிசோரம், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம், பீகார் எல்லாம் அதில் அதிக நலிவுள்ள பட்டியலில் வந்தன. மானாவாரிப் பரப்பு, பயிர்க் காப்பீடு, நூறு நாள் வேலையில் கிடைத்த சராசரி நாட்கள் போன்றவைதான் அளவுகோல். ஒரே முறையில் எல்லா மாநிலத்தையும் மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது பெரிய வேலை. எந்த மாவட்டத்துக்கு முதலில் பணம் போக வேண்டும் என்று முடிவெடுப்பவருக்கு அது பயன்படும்.

அதையே ஊராட்சிக்குக் கொண்டுவரும்போது சிக்கல் தொடங்குகிறது. முதல் சிக்கல், கீழே வரவர எண்களே இருக்காது. குடும்பநலக் கணக்கெடுப்பு மாவட்டத்தோடு நின்றுவிடும். மக்கள்தொகைக் கணக்கு ஊர் வரை வரும், ஆனால் நாங்கள் கையில் வைத்திருந்தது 2011ஆம் ஆண்டுக் கணக்கு. கஜாவுக்கு ஏழு வருடம் முந்திய ஊரை வைத்து கஜாவுக்குப் பிந்திய ஊரை அளப்பது எப்படி?

இரண்டாவது, எண்ணுக்கும் நிலைமைக்கும் உள்ள இடைவெளி. கடைமடை நிலம், அதாவது கால்வாயின் கடைசியில் இருக்கும் நிலம், பதிவேட்டில் ‘கால்வாய்ப் பாசனம்’ என்று இருக்கும். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தாலும் அந்தத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாளாகும், வராமலே போன வருடங்கள் எத்தனை என்று பதிவேடு சொல்லாது. வீட்டுக் கணக்கிலும் இதே கதை. பழைய தொகுப்பு வீட்டின் மேல்தளம் காரை பெயர்ந்து கம்பி தெரிய நிற்கும். கணக்கில் அது கான்கிரீட் வீடு, அதாவது வலுவான வீடு.

குடிநீரில்தான் இதை நன்றாகப் பார்த்தேன். ஓர் ஊராட்சியில் குழாய் இணைப்பு ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் இருந்தது. குறியீட்டில் அது பலமாக வந்தது. அந்தத் தண்ணீரோ தொலைவில் எங்கோ ஆற்றுப் படுகையில் மோட்டார் போட்டு ஏற்றிக் குழாயில் வருவது. கஜாவில் மின்கம்பங்கள் சாய்ந்து சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் தண்ணீரும் இல்லை. முன்பு மணல்மேட்டில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தவர்கள் குழாய் வந்ததும் அந்த ஊற்றுகளைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். குறியீடு பலம் என்று காட்டிய இடத்தில்தான் நலிவு இருந்தது.

மூன்றாவது, சராசரியின் குணம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். முதல் குடியிருப்பில் வீட்டு நிலைக்கு 0.9, வருமானத்துக்கு 0.1, சாலை வசதிக்கு 0.5 என்று வருகிறது. இரண்டாவதில் மூன்றுக்கும் 0.5. எண் 1ஐ நெருங்க நெருங்க நலிவு அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சராசரி 0.5தான். ஆனால் முதல் குடியிருப்பில் இந்த ஐப்பசிக்குள் கூரை பார்க்காவிட்டால் ஆள் சாகலாம். நல்ல வருமானம் கெட்ட கூரையை ஈடுகட்டிவிடும் என்று சராசரி எடுத்துக்கொள்கிறது. நள்ளிரவில் அடிக்கும் காற்றுக்கு அந்த ஈடு தெரியாது.

வரைபடம்

வரைபடத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் நம் கடற்கரை முழுவதற்கும் நலிவு வரைபடம் போட்டிருக்கிறது. கரை அரிப்பு, கடல்மட்ட உயர்வு, நிலத்தின் உயரம், சரிவு, அலை, ஓதம், நில அமைப்பு என்று ஏழு அளவுகள். நாகை கடற்கரை தட்டையானது, அலை உள்ளே ஏறும் என்பதை 2004 டிசம்பர் 26 எல்லோருக்கும் காட்டிவிட்டது. இந்த வரைபடம் அதைப் படிமுறையாகக் காட்டுகிறது.

ஆனால் அதன் அளவு லட்சத்துக்கு ஒன்று. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் ஒரு கிலோமீட்டர். ஒரு தெரு அதில் ஒரு புள்ளிகூட ஆகாது. அது தெருவுக்காகப் போட்ட படமும் இல்லை, அதைக் குறை சொல்லக் கூடாது. பெரிய தொல்லை உயர அளவில்தான். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகளில் சில மீட்டர் பிழை சாதாரணம். மரத்தின் உச்சியையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. 2019இல் வந்த ஓர் ஆய்வு அந்தப் பிழையைத் திருத்திக் கணக்குப் போட்டபோது, கடல்மட்ட உயர்வால் ஆபத்தில் இருக்கும் மக்களின் எண்ணிக்கை உலக அளவில் ஏறக்குறைய மூன்று மடங்கானது. நிலமே கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரத்தில் இருக்கும் கடைமடையில், இரண்டு மீட்டர் பிழை என்றால் முழு ஊருமே பிழைதான்.

இன்னொன்றும் உண்டு. கடற்கரை வரைபடம் கடற்கரையோடு நிற்கும். கஜா நிற்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஆலங்குடி என்று உள்ளே போய் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. நெல் போனால் அடுத்த பட்டத்தில் நடலாம். நெட்டைத் தென்னை ஒன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஆறேழு வருடம். ஒரே காற்றுதான். நெல்காரருக்கு ஒரு பருவம் போனது, தென்னைக்காரருக்கு பிள்ளை பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிக்கும் வரையிலான காலம் போனது. எந்த வரைபடத்திலும் அந்த வருடங்கள் இல்லை.

வரைபடம் நிச்சயமாக வேண்டியது ஒரு வேலைக்கு: தண்ணீர் எங்கே தேங்கும், எந்த வழியாக வடியும். பேரிடர் மையத்தை எங்கே கட்டுவது, எந்தச் சாலையை உயர்த்துவது என்பதற்கெல்லாம் படம் இல்லாமல் முடிவெடுத்தால், உயர்த்திய சாலையே அணையாகி மேல்பக்கத்துத் தெருவை மூழ்கடிக்கும். டெல்டாவில் வெண்ணாறு பாயும் பகுதியில் (வெண்ணாற்று உபவடிநிலம்) ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீரமைத்த மாதிரிப் பெரிய வேலைகளுக்கு நீரோட்டக் கணக்கு இல்லாமல் கை வைக்கவே முடியாது. அது ஊராட்சி எடுக்கும் முடிவு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீடு வீடாகப் படிவம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மொசாம்பிக்கின் இரண்டு மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 வீடு என்று கேட்டு ஒரு வாழ்வாதார நலிவுக் குறியீடு போட்டார்கள். அதிலிருந்து உலகம் முழுக்க அதே படிவத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் எடுக்க எவ்வளவு நேரம், கடன் கொடுத்ததா வாங்கியதா, எத்தனை வகை வருமானம் என்று நல்ல கேள்விகள் அதில் உண்டு.

ஆனால் ஆயிரம் வீடுள்ள ஊராட்சியில் நான்கு பேர் ஆளுக்கு எட்டு வீடு பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிடும். பகலில் போனால் வேலைக்குப் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். நூறு வீட்டை மட்டும் மாதிரிக்கு எடுத்தால், மிகவும் நலிந்த பதினைந்து வீடுகளில் ஒன்றிரண்டு விழலாம், விழாமலும் போகலாம். கடனைக் கேட்டால் வங்கிக் கடனைச் சொல்வார்கள், கந்துவட்டியைச் சொல்ல மாட்டார்கள். நிவாரண எதிர்பார்ப்பு பதிலையே மாற்றிவிடும் என்பதை முன்பே சொன்னேன். மூன்று வருடம் கழித்து நிலைமை மாறியதா என்று பார்க்க வேண்டுமானால் சின்னப் படிவம் ஒன்று வேண்டும். பத்து கேள்விக்கு மேல் வேண்டாம்.

தெருவில் உட்கார்ந்து கேட்பது

‘பங்கேற்பு ஊரக மதிப்பீடு’ என்று இதற்குப் பெயர். பெயர் பெரிது, வேலை எளிது. ஆனால் நேரமும் பொறுமையும் வேண்டும். மாலை ஏழு மணிக்கு மேல், வேலை முடிந்து வந்தபின், தெருவில் கோலமாவு கொண்டு ஊரை வரையச் சொல்லுவோம். கோயில், குளம், வாய்க்கால், வீடுகள். அப்புறம் கஜாவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நீலப்பொடி தூவச் சொல்லுவோம். ஒருவர் தூவுவார், இன்னொருவர் “இல்லக்கா, எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்துச்சு” என்று கொஞ்சம் தள்ளித் தூவுவார். அந்தத் திருத்தத்தில் கிடைக்கும் அளவு, நான் பார்த்த எந்த உயரத் தரவையும்விடத் துல்லியம். சுவரில் உள்ள ஈரக்கறையை மறுநாள் காலையில் நாடா வைத்து அளந்து பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்தது காலக்கோடு. வயதானவர்கள் 1952 புயலில் தொடங்குவார்கள். பலருக்கு அது அப்பா சொன்ன கதை. 1977 நவம்பர்ப் புயலை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 சுனாமி, 2008 நிஷா, 2018 கஜா. இடையே 2016 வறட்சி. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, “திரும்ப எழுந்திருக்க எத்தனை நாளாச்சு, எதை வித்தீங்க?” என்று கேட்க வேண்டும். மாட்டை விற்றது, நகையை வைத்தது, பிள்ளை படிப்பை நிறுத்தித் திருப்பூருக்கு அனுப்பியது எல்லாம் வரிசையாக வரும். இந்த வரிசைதான் நலிவு. வேறு எந்த முறையிலும் இது கிடைக்காது.

மூன்றாவது, மாதக் காலண்டர். தமிழ் மாதங்களில் போட வேண்டும், ஆங்கில மாதத்தில் போட்டால் பாதி விவரம் போய்விடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். விவசாயக் கூலிக்கும் சித்திரை, வைகாசியில் வேலை குறைவு. ஆனியில் பள்ளிச் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் மழை. தையில் அறுவடை. ஒரு பெண்கள் கூட்டத்தில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது இந்தக் காலண்டர்தான். “புயலை விடுங்க, தை மழையைப் போடுங்க” என்றார்கள். 2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழையில் அறுக்க வேண்டிய சம்பா சாய்ந்து வயலிலேயே முளைத்துவிட்டது. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் மறுபடியும் மழை. புயலுக்கு எச்சரிக்கை உண்டு, மையம் உண்டு, நிவாரணம் உண்டு. தை மழைக்கு ஊரில் எந்த ஏற்பாடும் இல்லை. அறுவடைக் கூலி போனது கணக்கிலேயே வராது. நிலம் வைத்திருப்பவருக்குப் பயிர் இழப்பீடு வரலாம். வாய்மொழிக் குத்தகைக்காரருக்கு அடங்கலில், அதாவது கிராமப் பயிர்ப் பதிவேட்டில், பெயர் இருக்காது. கூலிக்கு எதுவுமே இல்லை.

இந்த முறைக்கும் பெரிய ஓட்டைகள் உண்டு. மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே கூட்டமாகப் போட்டால் முன்வரிசையில் உட்காருபவர் ஊரின் நலிவையே முடிவு செய்துவிடுவார். ஒரு ஊராட்சியில் முதல் கூட்டம் கோயில் திடலில் நடந்தது. கூலித் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள், பேசவில்லை. கூட்டம் போட்ட இடமே தவறு என்பது எங்களுக்கு மறுநாள்தான் உறைத்தது. அவர்கள் தெருவில் போய் உட்கார்ந்தபோதுதான், மழைக்காலத்தில் இறந்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாதை இல்லை என்ற விஷயம் வந்தது. பெண்களுக்குத் தனிக் கூட்டம் இல்லாமல் கழிப்பறை, மாதவிடாய், முகாமில் தூங்க இடம் பற்றி ஒரு வார்த்தைகூட வராது.

இரண்டாவது ஓட்டை, ஊர் நினைவு கடைசியாக வந்த அடியைச் சுற்றியே நிற்கும். மெல்ல வருவது பேச்சில் வராது. நிலத்தடி நீரில் உப்பு ஏறுவது, வெயில் கூடுவது இரண்டையும் யாரும் தானாகச் சொல்லவில்லை. வேதாரண்யம் உப்பளத் தொழிலாளிகளிடம் ‘வெப்பம்’ என்று கேட்டால், “உப்பளம்னா வெயில்தானே” என்பார்கள். விடியற்காலை எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள், பத்து வருடம் முன்பு எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று சுற்றி வந்து கேட்டால்தான் விஷயம் பிடிபடும். மூன்றாவது, அவர்களுடைய அனுபவம் பின்னால் நடந்ததைச் சொல்லும், இதுவரை வராத மழையைச் சொல்லாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்படி ஒரு மழையை அந்த ஊரின் எந்தக் காலக்கோடும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அங்கே வரைபடமும் நீர்க் கணக்கும்தான் துணை.

இரண்டும் மோதும் இடம்

ஓர் ஊராட்சியில் வரைபடம் மீனவர் குப்பத்தைச் சிவப்பில் காட்டியது. உட்புறத்தில் வயல்களுக்கு நடுவே இருந்த கூலித் தொழிலாளர் குடியிருப்பு மஞ்சளில் இருந்தது. தெருக்கூட்டங்களில் வரிசை தலைகீழாக வந்தது. சுனாமிக்குப் பிறகு குப்பத்துக்குத் தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டிக் கொடுத்திருந்தன. அவர்களுக்கு மீனவர் பஞ்சாயத்து இருக்கிறது, கடல் சீற்றம் என்றதும் ஊரே கிளம்பும் ஒழுங்கு இருக்கிறது, தடைக்கால நிவாரணம் இருக்கிறது. குப்பத்தில் இழப்பு பெரிது, ஆனால் எழுந்தார்கள். குடியிருப்பில் ஒன்பது நாள் தண்ணீர் நின்றது. தென்னந்தோப்பு வேலை போனபின் இரண்டு வருடம் தேங்காய் பறிக்கும் கூலியே இல்லை. சுனாமி நிவாரணத்திலும் அவர்கள் விட்டுப்போனவர்கள்தான்.

இதில் யார் சொன்னது சரி? இரண்டுமே சரி. வரைபடம் யார் முதலில் அடிபடுவார் என்று சொன்னது. கூட்டம் யார் கடைசியில் எழுவார் என்று சொன்னது. எச்சரிக்கை, வெளியேற்றம், கரைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வரைபடத்தின் வரிசை. வீடு, வேலை, வடிகால், கடன் ஆகியவற்றுக்குக் கூட்டத்தின் வரிசை. ஊராட்சியின் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டிலும் நூறு நாள் வேலையிலும் செய்ய முடிந்தது வாய்க்கால், குளம், பாதை, மரம். அந்தப் பணத்தைக் கொண்டு கடற்சுவர் கட்ட முடியாது. குடியிருப்பின் வடிகாலைத் தூர்வார முடியும், ஊற்றைச் சுத்தம் செய்ய முடியும், குடிநீர்த் தொட்டிக்கு ஒரு ஜெனரேட்டர் வைக்க முடியும். அதனால்தான் மாவட்டத்துக்குக் குறியீடு, பொறியாளருக்கு வரைபடம், ஊராட்சிக்குத் தெருக்கூட்டம் என்று நான் பிரிக்கிறேன்.

எப்படிச் செய்யலாம்

மாவட்டம் குறியீட்டை வைத்து எந்த ஊராட்சிகளில் முதலில் தொடங்குவது என்று மட்டும் முடிவு செய்யட்டும். அதற்கு மேல் அந்த எண்ணை ஊருக்குள் கொண்டுவர வேண்டாம். ஊராட்சி ஆடியில் ஆரம்பித்தால் நேரம் இருக்கும். ஆகஸ்ட் 15 கிராம சபையில், தெருவுக்கு ஒரு கூட்டம் நடக்கப்போகிறது, இது நிவாரணப் பட்டியல் இல்லை என்று தெளிவாக அறிவித்துவிட வேண்டும். குடியிருப்பில் இரண்டு, குப்பத்தில் ஒன்று, ஊருக்குள் ஒன்று, பெண்களுக்குத் தனியாக இரண்டு என்று ஆறு கூட்டம். மகளிர் குழுப் பெண்கள் நடத்தினால் பேச்சு வேறு மாதிரி வரும். இந்த ஆறிலும் வந்த வரிசையை வரைபடத்தோடு வைத்துப் பார்த்து, மோதும் இடங்களைத் தனியாகக் குறித்து, அக்டோபர் 2இல் சபையில் வைக்கலாம். மோதலைத் தீர்த்து ஒரே எண்ணாக்க வேண்டாம். மோதுகிறது என்று எழுதினாலே போதும், அதைப் பார்த்துத்தான் சபை பேசும்.

ஒரு வேலை மட்டும் பிறகு வரும். மார்கழியில், தண்ணீர் நிற்கும்போது, வரைந்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊரை ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் போட்ட படத்தில் ஒரு மதகு அடைப்பாவது விட்டுப்போயிருக்கும்.

தலைவர் அம்மாவின் கேள்வியில் இன்னொரு பாதி இருந்தது: மேலே ஒத்துக்கொள்வார்களா? ‘மக்கள் சொன்னார்கள்’ என்று மட்டும் எழுதிய வரைவு ஒன்று திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஈரக்கறையின் உயரம் சென்டிமீட்டரில், தண்ணீர் நின்ற நாட்கள், வேலை இழந்த மாதங்கள், வீடுகளின் எண்ணிக்கை என்று எழுதியபோது திரும்பவில்லை. அந்த எண்கள் எல்லாமே தெருவில் கிடைத்தவைதான். கோலமாவுப் படத்தை யாரும் மிதிப்பதற்குள் நான்கு பக்கமிருந்தும் போட்டோ எடுத்து, சார்ட் தாளில் நகல் வரைந்து, ஒன்றை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றை அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டிலும் வைத்தோம். அடுத்த வருடம் போனபோது அலுவலகத்தில் இருந்ததைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தெருவில் இருந்ததில், புதிதாக வந்த இரண்டு வீடுகளைப் பேனாவால் வரைந்து சேர்த்திருந்தார்கள்.